சுருளிவேலுக்குக் கொடுத்த டெக்னிக்கல்

உக்காருங்க சார். வாடகைக்கு விடற மாடிச் சாவி என் மச்சினி வீட்டுல இருக்கு, பக்கத்துத் தெருதான். என் வீட்டுக்காரி கஸ்தூரி எடுத்துட்டு வரப் போயிருக்கா. அங்க போனா ரெண்டு வார்த்தை பேசாம வரமாட்டா, கொஞ்ச நேரம் ஆகும். இந்த ஃபேன் சத்தம் போடும், கண்டுக்காதீங்க. மாடில இருக்கறது புது ஃபேன்.

அந்தப் போட்டோவா? நான்தான் சார். வாயில விசில், கழுத்துல கயிறு. பாஸ்கெட்பால் ரெஃப்ரீ. சம்பளத்துக்குப் பார்த்த வேலை ஸ்கூல்ல லேப் அசிஸ்டென்ட். ஆனா இந்த ஊர்ல போயி லேப் அசிஸ்டென்ட் சந்தானம்னு கேட்டீங்கன்னா யாருக்கும் தெரியாது. ரெஃப்ரீ சந்தானம்னா வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. உங்களையும் அப்படித்தானே கொண்டாந்து விட்டாங்க?

இப்ப ஊதறதில்ல. ஊத விடமாட்டேங்கறாங்க. அதச் சொல்லணும்னா பெரிய கதை. சாவி வர்ற வரைக்கும் கேக்கறீங்களா?

உங்களுக்கு பாஸ்கெட்பால் தெரியுமா? தெரியாட்டியும் பரவால்ல. ஃபவுல்னா ஆளைப் பிடிக்கறது, தள்றது, கையில அடிக்கறது. அது கண்ணுல தெரியும், எவனும் ஊதிருவான். கஷ்டமானது வாய். ஆட்டக்காரன் திட்டுவான், கோச் திட்டுவாரு, வேடிக்கை பாக்கறவன் அதுக்கு மேல. வாயால செய்யற தப்புக்கு டெக்னிக்கல்னு ஒண்ணு உண்டு. ரெண்டு கையையும் இப்படி டி எழுத்து மாதிரி வச்சுக் காட்டுவோம். எதிர் டீமுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, குறுக்க யாரும் நிக்காம கூடைல போட ஒரு சான்ஸ். ஒரே ஆளு ரெண்டு டெக்னிக்கல் வாங்கிட்டா, அவன் அன்னைக்கு வெளிய போயிடணும். கிரவுண்டுலயே நிக்கக் கூடாது.

புதுசா வர்ற ரெஃப்ரீங்க எதுக்கெடுத்தாலும் இதக் காட்டுவாங்க. நான் அப்படி இல்ல. காதுல விழுந்ததுக்கெல்லாம் விசில் ஊதினா ஆட்டம் எங்க நடக்கும்? நாலு பேரு பாக்க வந்திருக்கான், வெயில்ல உக்காந்திருக்கான், அவனுக்கு ஆட்டத்தக் காட்டணுமா இல்லையா? என் பேரு அதுலதான். சந்தானம் ஊதினா ஆட்டம் தண்ணி மாதிரி ஓடும்னு சொல்லுவாங்க. கோச்சுங்க எல்லாருக்கும் என்னையப் பிடிக்கும்.

அது எனக்கு எப்படிப் பழகுச்சுன்னா, என் கையப் பாத்தீங்கல்ல. பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருக்கீங்க. நல்ல மனுஷன் நீங்க. வெண்புள்ளி, சின்ன வயசுலயே வந்துருச்சு. ஒட்டாது, ஒண்ணும் செய்யாது. ஆனா ரெஃப்ரீக்கு வேலையே கையில தானே. ஒவ்வொரு ஃபவுலுக்கும் கையத் தூக்கிக் காட்டணும். தூக்கறப்பெல்லாம் ஒருத்தன் கத்துவான். என்ன கத்துவான்னு நீங்களே நினைச்சுக்கங்க. மேல்சட்டை முழுக்கை போட்டுப் பாத்தேன், அதுக்கும் கத்தினான். அப்புறம் ஒரு நாள் முடிவு பண்ணினேன், எனக்குக் கேக்காதுன்னு. அவ்வளவுதான். கோட்டுக்குள்ள கால வச்சா பந்து தரையில படற சத்தம் மட்டும்தான் கேக்கும். மத்தது கேக்காது.

கல்யாணமான புதுசுல கஸ்தூரி ஒரு தடவ ஆட்டம் பாக்க வந்தா. மகள மடியில வச்சுக்கிட்டு முன் வரிசைல உக்காந்திருந்தா. லோக்கல் டீம் தோத்துக்கிட்டிருந்துச்சு, கூட்டத்துக்குக் கோபம், என் கையச் சொல்லித் திட்டினாங்க. கையிலேருந்து ஆரம்பிச்சு என்னென்னமோ சொன்னாங்க. எனக்குப் பழக்கம். அவளுக்கு ஏது பழக்கம்? பாப்பாவோட காத ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா. நான் இந்தப் பக்கமிருந்து பாத்தேன். பாப்பாவுக்கு அப்ப பேச்சுகூட வரல, அதுக்கு என்ன புரியப்போகுது?

வீட்டுக்கு வந்து சோறு போட்டா. போட்டுட்டு, "நீங்க ஏங்க ஆட்டத்த நிறுத்தல?"ன்னு கேட்டா.

"எனக்குத்தான் கேக்கலையே"ன்னேன்.

"எனக்குக் கேட்டுச்சு"ன்னா.

அதோட சரி. அப்புறம் கோர்ட்டுப் பக்கம் அவ வரவே இல்ல. அது ஒண்ணுதான் சார் எனக்கு வருத்தம். என்னைச் சொன்னத நான் தாங்கிக்குவேன். வீட்டு ஆளுங்க முன்னாடி சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுது. அவ அன்னைக்கு வந்திருக்கக் கூடாது.

சரி, அது பழசு. கதைக்கு வர்றேன்.

போன வருஷத்துக்கு முந்தின கோடை. இங்க வருஷா வருஷம் ஒரு டோர்னமென்ட் நடக்கும். வெளியூர் டீமெல்லாம் வரும், லைட் போட்டு சாயங்காலத்துல ஆட்டம். நம்ம ஊர் கிளப்புல சுருளிவேல்னு ஒரு பையன் ஆடினான். சார், அவன் ஆட்டத்த நீங்க பாத்திருக்கணும். ஆள் நல்ல உயரம். உயரமா இருக்கறவன் மெதுவாத்தான் ஓடுவான்னு சொல்லுவாங்க, இவன் ஓடினா கால் தரையில படுதா இல்லையான்னு இருக்கும். பந்த எடுத்துட்டு மூணு பேரு நடுவுல புகுந்து போவான். ஒருத்தன் மேலயும் இடிக்க மாட்டான். ஃபவுலே வராது. ரெஃப்ரீக்கு அப்படி ஒரு ஆட்டக்காரன் கிடைச்சா சும்மா பாத்துக்கிட்டு ஓடலாம். விசில் கையில இருக்கறதே மறந்துரும். சின்னப் பையனா இருந்தப்பவே அவனப் பாத்து நான்தான் சொன்னேன், இவன் ஸ்டேட்டுக்கு ஆடுவான்னு.

அவங்கம்மா முனிசிபாலிட்டில துப்புரவு வேலை. அப்பா இல்ல. அந்தக் கோடையில ஒரு நல்ல டிபார்ட்மென்ட்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆள் எடுத்தாங்க. டோர்னமென்ட் முடிஞ்ச கையோட செலக்‌ஷன். கிடைச்சிரும்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன்.

செமி ஃபைனல். எதிர் டீம் வெளியூர்க் காலேஜ். அதுக்குக் கோச் பத்மநாபன். பத்மநாபனும் நானும் ஒண்ணா ஆடினவங்க. என்னைய மாநில அளவுல ஊதக் கூப்பிடணும்னு கமிட்டிக்கு முதல்ல சொன்னது அவருதான். நல்ல மனுஷன். ஆட்டம்னு வந்துட்டா கொஞ்சம் வாய் நீளும், அது யாருக்கு நீளாது?

அன்னைக்கு என்கூட ஊதினது ரெஜினான்னு ஒரு பொண்ணு. கேர்ள்ஸ் ஸ்கூல்ல பி.டி. டீச்சர். பரீட்சை எழுதிப் பாஸாகி அந்த வருஷம்தான் வந்துச்சு. நல்லா ஓடும், சட்டமெல்லாம் மனப்பாடம். நான் சீனியர், அது ஜூனியர்.

மழைத் தூறல் விழுந்து நின்ன சாயங்காலம். அங்கங்க தரை ஈரம். பசங்க துணி போட்டுத் துடைச்சாங்க. ஆட்டம் ஆரம்பிச்சதுமே சுருளி பிச்சுக்கிட்டுப் போனான். பத்மநாபன் டீமால பிடிக்க முடியல. அவன எப்படி நிறுத்தறதுன்னு தெரியாம அவருக்குக் கோபம் ஏறிப்போச்சு. சுருளி அந்த டீம் பெஞ்ச் பக்கம் வர்றப்பெல்லாம் என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாரு. மெதுவாத்தான். ஜாதியச் சொல்லித்தான் கூப்பிட்டாரு. பேருக்குப் பதிலா அதச் சொல்லி, "போறான் பாரு, பிடி, போறான் பாரு"ன்னு.

முதல் பாதி முடிஞ்சு தண்ணி குடிக்கறப்ப ரெஜினா என்கிட்ட வந்துச்சு.

"சார், அந்தக் கோச் பேசறது கேட்டீங்களா? நான் டெக்னிக்கல் குடுக்கப் போறேன்."

"அவசரப்படாதம்மா. பெரிய மேட்ச். கோச்சுக்குக் குடுத்தா அவர் டீமக் கூட்டிட்டு வெளிய போவாரு. மேட்ச் கெட்டுரும்."

"அவர் சொல்றது உங்களுக்குக் கேக்குதா சார், இல்லையா?"

"நான் பேசிக்கறேன், விடு"ன்னேன்.

பேசவும் செஞ்சேன் சார். பேசாம இல்ல. பத்மநாபன் பக்கத்துல போயி, "அண்ணே, கொஞ்சம் பாத்து"ன்னேன். அவரு சிரிச்சாரு. தோள்ல தட்டினாரு. அதுக்கு மேல ஒரு மனுஷன்கிட்ட என்ன சொல்றது?

இதுல இன்னொரு விஷயம். அன்னைக்கு சுருளியோட அம்மா வந்திருந்தாங்க. அதுக்கு முன்னாடி வந்ததே இல்லயாம். செமி ஃபைனல்னு பையன் கூட்டிட்டு வந்திருக்கான். நல்ல சேலை கட்டிக்கிட்டு, தலை நிறையப் பூ வச்சுக்கிட்டு, கேலரில நடுவுல உக்காராம ஓரமா சுவர் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அவங்க யாருன்னு பத்மநாபனுக்கு யாரோ சொல்லியிருக்கணும்.

ரெண்டாவது பாதில அந்த பெஞ்ச் முன்னாடி ஒருத்தன் வழுக்கி விழுந்தான். ஈரம். ஆட்டத்த நிறுத்தி, தொடைக்கத் துணி கேட்டேன். துணி வரத் தாமதமாச்சு. அப்ப பத்மநாபன் கேலரியப் பாத்து, நல்லா கேக்கறாப்புல சொன்னாரு. "துணி எதுக்கு? அதான் இவங்கம்மா வந்திருக்காளே. வந்து கூட்டித் தொடைச்சுட்டுப் போகச் சொல்லுங்க. பழகின வேலைதானே."

அவர் பெஞ்சுல இருந்தவனெல்லாம் சிரிச்சான். கேலரிலயும் கொஞ்சம் பேரு சிரிச்சாங்க.

நீங்களே சொல்லுங்க சார். அதுல ஒரு கெட்ட வார்த்தை இருக்கா? கூட்டறது, தொடைக்கறது. எந்தச் சட்டத்துல இதக் கெட்ட வார்த்தைன்னு எழுதியிருக்கு?

ரெஜினா விசில வாயில வச்சுருச்சு. நான் இந்தப் பக்கமிருந்து தலைய ஆட்டினேன், வேணாம்னு. அது என்னையப் பாத்துச்சு. ஊதல. விசில் வாயிலயே இருந்துச்சு.

சுருளி என்கிட்ட நடந்து வந்தான். ஓடி வரல, நடந்துதான் வந்தான். "சார்"ன்னான்.

"ஆட்டத்தப் பாரு தம்பி"ன்னேன்.

"சார், எங்கம்மா உக்காந்திருக்காங்க சார்."

"நீ ஆட்டத்தப் பாரு. ஜெயிச்சுக் காட்டு. அதுதான் பதில்."

நல்ல வார்த்தைதானே சார் சொன்னேன்? என் அனுபவத்துல சொன்னேன். நான் அப்படித்தானே இருந்தேன் இத்தனை வருஷம்.

அவன் திரும்பினான். பத்மநாபனப் பாத்து ஒரு வார்த்தை சொன்னான். ஒரே ஒரு வார்த்தை. அது கெட்ட வார்த்தை சார், அதுல சந்தேகமே இல்ல. தாயச் சொல்ற வார்த்தை. மொத்த கிரவுண்டுக்கும் கேட்டுச்சு. ஸ்கோர் எழுதற மேசையில நிமிர்ந்து பாத்தாங்க. ஊதித்தானே ஆகணும்? ஊதினேன். கையக் காட்டினேன், டெக்னிக்கல்.

அவன் என்னையே பாத்தான். "இது மட்டும் கேட்டுச்சா சார்?"ன்னான்.

ரெஃப்ரீகிட்ட அப்படிக் கேக்கலாமா? அது ரெஃப்ரீய அவமதிக்கறது. ரெண்டாவது டெக்னிக்கல். வெளிய.

கத்துவான்னு நினைச்சேன். அடிக்க வருவானோன்னுகூட நினைச்சேன். அவன் ஒண்ணும் பண்ணல. பனியனக் கழட்டி, மடிச்சு, மேசை மேல வச்சான். அதுக்குள்ள அந்தம்மா சுவர் ஓரமா இறங்கி வாசல் பக்கம் வந்துட்டாங்க. முந்தானைய எடுத்து அவன் முதுகுல போர்த்தினாங்க. ரெண்டு பேரும் போயிட்டாங்க.

மிச்ச ஆட்டம் ஓடுச்சு. நம்ம ஊரு தோத்துருச்சு. முடிஞ்சதும் பத்மநாபன் கை குடுத்தாரு, நல்லா நடத்தினீங்கன்னாரு.

ஒருத்தன வெளிய அனுப்பினா ரிப்போர்ட் குடுக்கணும், அது முறை. என்ன நடந்துச்சோ அத எழுதினேன். கோச்ச இன்ன வார்த்தை சொன்னான், ரெஃப்ரீய எதிர்த்துப் பேசினான். கோச் சொன்னத ஏன் எழுதலன்னு பின்னால கேட்டாங்க. அதுக்கு நான் விசில் ஊதலையே சார். ஊதாதத எப்படி எழுதறது?

அவனுக்கு ஒரு வருஷம் தடை போட்டாங்க. தடை இருக்கறவன் செலக்‌ஷனுக்குப் போக முடியாது. அந்த வேலை போச்சு. எனக்கு மட்டும் வருத்தம் இல்லைன்னு நினைக்கறீங்களா? ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. கஸ்தூரிகிட்ட சொன்னேன், ஒரு வார்த்தைய அடக்கத் தெரியாம வாழ்க்கையக் கெடுத்துக்கிட்டான்னு. அவ, "யாரு?"ன்னு கேட்டா. யாருன்னா என்ன, அவன்தான்.

அதோட முடிஞ்சிருக்கணும். இந்த ரெஜினா விடல. தனியா கமிட்டிக்கு எழுதிப் போட்டுச்சு. விசாரணை வச்சாங்க. பத்மநாபன் சிரிச்சுக்கிட்டே, "விளையாட்டுக்குச் சொன்னதுங்க"ன்னுட்டாரு. என்னையக் கேட்டாங்க. எனக்குக் கேக்கலன்னேன். ரெஜினாவக் கேட்டாங்க. அது எந்திரிச்சு நின்னு என்ன சொல்லுச்சு தெரியுமா? "எனக்கு எல்லாம் கேட்டுச்சு. விசில் என் வாயில இருந்துச்சு. சீனியர் தலைய ஆட்டினாருன்னு ஊதாம விட்டேன். அது என் தப்பு. எனக்கும் தண்டனை குடுங்க." சொல்லிட்டு அழுதுருச்சு.

என்னைய மாட்டிவிடத்தான் அப்படிச் சொல்லுச்சுன்னு பத்மநாபன் சொன்னாரு. இருக்கும். தன் தப்புன்னு சொல்ற மாதிரி சொல்லி என் பக்கம் திருப்பிவிட்டுச்சு. பத்மநாபனுக்கு ஒரு எச்சரிக்கை. பையனோட தடைய எடுத்துட்டாங்க, ஆனா அதுக்குள்ள செலக்‌ஷன் முடிஞ்சு ஆள் எடுத்துட்டாங்க. எனக்கு ஒண்ணும் சொல்லல. அடுத்த டோர்னமென்ட்டுக்குக் கூப்பிடல. அதுக்கு அடுத்ததுக்கும் கூப்பிடல. போன் பண்ணிக் கேட்டா, "நீங்க ரெஸ்ட் எடுங்க சார்"ங்கறாங்க. சாயங்காலமானா கால் சும்மா இருக்க மாட்டேங்குது. இந்தக் கூடத்துலயே நடக்கறேன்.

ரெஜினா இன்னைக்குப் பெரிய ரெஃப்ரீ ஆயிருச்சு. அது ஊதற ஆட்டத்துல கோச்சுங்க வாயத் திறக்கறதில்லயாம். என்ன ஆட்டம் அது, பள்ளிக்கூடம் மாதிரி.

சுருளிதான் திரும்ப வரல. தடைய எடுத்தும் வரல. கிளப்புல ஆள் அனுப்பிக் கூப்பிட்டாங்க. "பாக்கலாம்"னானாம். அவ்வளவுதான். பந்தத் தொடவே இல்லயாம்.

இப்ப கேஸ் ஏஜென்சில இருக்கான். சிலிண்டர் போடறான். இந்த ஏரியா அவன்தான். போன பங்குனில எங்க வீட்டுக்குக் கொண்டாந்தான். நான் இந்தச் சேர்லதான் உக்காந்திருந்தேன். சிலிண்டரத் தோள்ல வச்சுக்கிட்டு, இந்த நிலைப்படிக்குக் குனிஞ்சு உள்ள வந்தான். என்னையப் பாத்தான். நின்னான். அப்புறம் நேரா அடுப்படிக்குப் போயி மெதுவா இறக்கி வச்சான், தரையில சத்தமே வரல. உடம்பு அப்படியேதான் இருக்கு சார், அந்த லாவகம்.

"சுருளி, நல்லாருக்கியா? அம்மா நல்லாருக்காங்களா?"ன்னேன்.

"நல்லாருக்கோம் சார். சீல் சரியா இருக்கான்னு பாத்துக்கங்க சார்."

"கோர்ட்டுப் பக்கமே காணோமே. ஆடலாம்ல. வயசு இருக்கே."

"வண்டி நிக்குது சார்."

"பழச மனசுல வச்சுக்காதப்பா. ஆட்டத்துல நடக்கறதுதான்."

"சரி சார்"னான்.

எவ்வளவு பணிவு பாருங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. இந்தப் பணிவு அன்னைக்கு இருந்திருந்தா இந்நேரம் பேன்ட் சட்டை போட்டு ஆபீஸுக்குப் போயிட்டிருப்பான். கஸ்தூரி சொம்புல தண்ணி கொண்டாந்து நீட்டினா. வேர்த்துக் கொட்டுது அவனுக்கு, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. "வேணாங்க்கா, வண்டில இருக்கு"ன்னுட்டுப் போயிட்டான்.

அதுலேருந்து கஸ்தூரி ஒரு புதுப் பழக்கம் வச்சிருக்கா. சிலிண்டர் வர்ற அன்னைக்கு என்னைய வீட்டுல இருக்க விடறதில்ல. கோயிலுக்குப் போயிட்டு வாங்க, மருந்து வாங்கிட்டு வாங்கன்னு எங்கயாவது அனுப்பிடறா. முதல்ல எனக்குப் புரியல. போன தடவ செருப்ப மாட்டிக்கிட்டு நின்னு கேட்டேன், ஏன் என்னையத் துரத்தறேன்னு. சொன்னா, "நீங்க இருந்தா அந்தப் பையன் தண்ணி குடிக்க மாட்டேங்கறான். இல்லைன்னா வாங்கிக் குடிக்கறான்."

நான் குடிக்காதன்னா சொன்னேன்? அன்னைக்கும் சரி, வீட்டுக்கு வந்தப்பவும் சரி, அவனப் பாத்துத் தப்பா ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நான் சொல்லியிருக்கேனா சார்?